சாயங்கால வெளிச்சத்தில் படகுகள்

(சாமராஜநகரில் நடந்த உறுப்பினர் குடும்ப சந்திப்பில் பேசியது. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்கட்டும் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



"துறைமுகத்தில் அஸ்தமன நேரத்தில் படகுகளைப் படம் எடுப்பது பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. சாமராஜநகரில் கடல் ஏது, துறைமுகம் ஏது? 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனபோது நமக்குப் புலி கிடைத்தது, யானை கிடைத்தது, மாதேஸ்வரன் மலை கிடைத்தது. கடல் கிடைக்கவில்லை. நம் மாவட்டத்தில் படகு என்றால் ஒகேனக்கல்லில் கர்நாடகக் கரையிலிருந்து விடும் பரிசல்தான். மூங்கிலில் கூடை மாதிரி முடைந்து, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத் தார் பூசியிருப்பார்கள். முன்காலத்தில் தோல் போர்த்துவார்கள்.

நான் முதன்முதலில் எடுத்த படகுப் படமும் அந்தப் பரிசல்தான். என் தகப்பனாரிடம் அக்ஃபா க்ளிக்-3 என்று ஒரு கேமரா இருந்தது. ஒரு ஃபிலிம் சுருளில் பன்னிரண்டே படம். அவர் கேமராவை என் கையில் கொடுத்து, "சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும்டா, மறக்காதே" என்றார். பள்ளிக்கூடப் பையனாக இருந்த நான் அதைக் கேட்டுக்கொண்டேன். பெரியவன் ஆனதும் மறந்துவிட்டேன். மறந்ததால் வந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் பையன் ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தான். 2014 பிப்ரவரியில் நானும் ஆத்துக்காரியும் உடுப்பி கிருஷ்ணனை சேவிக்கப் போனோம். உடுப்பிக்குப் போனால் மல்பேக்குப் போகாமல் வருவதில்லை. மத்வாசார்யார் கரையில் நின்று, புயலில் தத்தளித்த கப்பலைத் தம் வஸ்திரத்தை வீசிக் காப்பாற்றினார் என்றும், அந்தக் கப்பலில் கோபி சந்தனக் கட்டிக்குள் இருந்த கிருஷ்ண விக்கிரகத்தைத்தான் உடுப்பியில் பிரதிஷ்டை செய்தார் என்றும் சொல்வார்கள். அந்தக் கரை மல்பே. அங்கே வடபாண்டேஸ்வரத்தில் பலராமர் கோயில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் கர்நாடகத்தின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று.

பலராமரை சேவித்துவிட்டு, ஐந்து மணி சுமாருக்கு நான் துறைமுகத்துப் பக்கம் நடந்தேன். ஆத்துக்காரி, "ஏன்னா, மீன் விக்கற எடத்துக்கா என்னை அழைச்சிண்டு போறேள்?" என்று மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். ஆனால் அங்கே போய் நின்றதும் அவளும் பேசவில்லை. ஆற்றின் முகத்துவாரம். ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நூற்றுக்கணக்கில் விசைப்படகுகள். பச்சை, நீலம், சிவப்பு என்று பூச்சு. ஒவ்வொன்றிலும் சாமி பேர், கொடி. எதிர்க்கரைத் தென்னை மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான்.

இங்கே கொஞ்சம் விஷயம் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளும் இருக்கிறார்கள்.

அஸ்தமன சூரியன் ஏன் சிவப்பு? உச்சி வேளையில் வெளிச்சம் நேராகக் கீழே வருகிறது. சூரியன் அடிவானத்துக்கு வந்ததும் அதே வெளிச்சம் ஏறக்குறைய 38 மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு சாய்வாக வர வேண்டியிருக்கிறது. வழியில் நீல நிறம் சிதறிப் போய்விடுகிறது. மிஞ்சி வருவது சிவப்பும் ஆரஞ்சும். இன்னொரு வேடிக்கை. காற்று வெளிச்சத்தை வளைப்பதால், சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் பார்க்கும்போது, சூரியன் நிஜத்தில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டிருக்கிறான். நாம் பார்ப்பது காற்று தூக்கிக் காட்டும் பிம்பத்தை.

நேரம் தெரிய கடிகாரம் வேண்டாம். கையை நீட்டி, விரல்களைப் படுக்கை வாக்கில் வைத்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் என்று பாருங்கள். நம் தேசத்தில் ஒரு விரலுக்கு எட்டிலிருந்து பத்து நிமிஷம். நாலு விரல் இருந்தால் ஏறக்குறைய அரை மணி இருக்கிறது. சென்னைக்காரர்கள் ஊர் பழக்கத்தில் கிளம்பினால் மல்பேயில் காத்திருக்க வேண்டியதுதான். தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நாலு நிமிஷம் என்கிற கணக்கில், சென்னையைவிட மல்பேயில் சுமார் 22 நிமிஷம் கழித்துத்தான் அஸ்தமனம். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

சரி, மல்பேக்கு வருகிறேன். அன்று ஒரு படகின் முன்பக்கத்தில், அதை அணியம் என்பார்கள், ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு நேர் பின்னால் சூரியன். நான் படபடவென்று முப்பதுக்கு மேல் எடுத்தேன். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, வேலை முடிந்ததும் அவரே கரைக்கு வந்தார்.

"சார் தமிழா? நமக்குக் குளச்சல் பக்கம்" என்றார். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கு வேலைக்கு வருகிறவர்கள் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும் என்றார். ஆத்துக்காரி பையிலிருந்த கிருஷ்ணன் கோயில் பிரசாதத்தில் கொஞ்சம் கொடுத்தாள். மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, "சார், அந்தப் படத்தில நான் தெரியுதேனா? அம்மைக்கு ஒண்ணு அனுப்பணும். ரெண்டு வருஷமா ஊருக்குப் போகல்ல" என்றார்.

"பேஷா தெரியறது, ஊருக்குப் போய்ப் பிரிண்ட் போட்டு அனுப்பறேன்" என்றேன். ஹோட்டல் பில்லின் பின்பக்கத்தில் அவர் தாயார் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டேன். கேமராவின் சின்னத் திரையைக்கூட அவருக்குக் காட்டவில்லை. வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு.

ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆஹா, என்ன படங்கள்! தங்கம் உருக்கி ஊற்றினாற்போல் தண்ணீர். அதில் கறுப்பாக ஒரு படகு, கறுப்பாக ஒரு மனுஷர், கையில் கறுப்பாக ஒரு கயிறு. முப்பத்திரண்டு படத்தில் ஒன்றில்கூட அவருக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. பின்னால் சூரியன் இருந்தால் கேமரா பிரகாசமான ஆகாசத்துக்குத் தகுந்தபடி அளவு வைத்துக்கொள்ளும். முன்னால் இருப்பது கறுத்துப் போகும். நிழலுருவப் படம் என்று அதற்குப் பெயர். அதைத்தான் நான் விரும்பி எடுத்தேன். அவர் கேட்டது வேறு.

கறுப்பு உருவத்தைத் தாயாருக்கு எப்படி அனுப்புவது? அடுத்த வருஷம் போகும்போது நல்லதாக ஒன்று எடுத்து அனுப்பிவிடலாம் என்று விட்டுவிட்டேன். அந்தக் கறுப்புப் படத்தையோ, பெரிதாகப் போட்டு, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஒரு கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. ஆத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, "ஓவியம் மாதிரி இருக்கே!" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

2015-ல் மறுபடி போனேன். அந்த இடத்தில் அவர் இல்லை. படகின் பேரும் எனக்கு ஞாபகம் இல்லை. படத்தில் பார்க்கலாம் என்றால் அதுவும் கறுப்பு. விசாரித்தால், "அவங்க எல்லாம் சீசனுக்கு ஒரு துறைமுகம் போவாங்க சார்" என்றார்கள். மங்களூரோ, கொச்சியோ, எங்கேயோ. முகவரி எழுதிய ஹோட்டல் பில்லை ஆத்தில் தேடினேன். அதுவும் அகப்படவில்லை. சரி, பிராப்தம் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நம்முடைய அசிரத்தைக்கு நாம் வைக்கும் நல்ல பெயர் அது.

2018 டிசம்பர் வந்தது. மல்பேயிலிருந்து புறப்பட்ட "சுவர்ண திரிபுஜ" என்ற படகு, ஏழு பேரோடு கடலில் காணாமல் போனது. இரண்டு பேர் மல்பே பக்கம், ஐந்து பேர் உத்தர கன்னட மாவட்டம். கர்நாடகப் பத்திரிகைகளில் பல வாரங்கள் இதே செய்தி. மீனவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தேடுங்கள் என்று மறியல் செய்தார்கள். 2019 மே மாதத் தொடக்கத்தில், மகாராஷ்டிரத்து மால்வண் கரைக்கு அப்பால் கடலுக்கடியில் படகின் சிதைவுகளைக் கடற்படை கண்டுபிடித்தது. ஏழு பேரும் திரும்பவில்லை.

அந்த நாட்களில் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் கம்ப்யூட்டரைத் திறந்து என் மல்பே படங்களை எல்லாம் பார்த்தேன். நானூறுக்கு மேல் இருந்தன. படகு இருக்கிறது, சூரியன் இருக்கிறது, கடல் காக்கை இருக்கிறது. மனுஷர்களும் நிறைய இருக்கிறார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. காணாமல் போன அந்த ஏழு பேரில் யாராவது என் படத்தில் இருந்திருந்தால்கூட, அவர் ஆத்து மனுஷாளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. குளச்சல்காரர் க்ஷேமமாக இருக்கிறாரா என்றும் எனக்குத் தெரியாது. அவர் தாயார் அந்தப் படத்துக்காக எத்தனை நாள் தபால்காரரை எதிர்பார்த்தாளோ. மறுநாள் காலை கூடத்துப் படத்தைக் கழற்றினேன். "ஏன்னா, நன்னாத்தானே இருக்கு?" என்றாள் ஆத்துக்காரி. "நன்னாத்தான் இருக்கு. எனக்குத்தான் பார்க்க முடியலை" என்றேன்.

அதற்கப்புறம்தான் தகப்பனார் சொன்ன பாடம் ஞாபகம் வந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். விலை உயர்ந்த கேமரா வேண்டாம், கைபேசியே போதும்.

சூரியன் இறங்கும் கடைசி இருபது நிமிஷம் வெளிச்சம் தாழ்ந்து, இதமாக, மஞ்சளாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் முகத்துக்கு இருக்கும் அழகு வேறு எந்த வேளையிலும் கிடையாது. கண்ணுக்கடியில் நிழல் விழாது. சுருக்கங்கள்கூட நன்றாக இருக்கும். ஆனால் எல்லோரும் அப்போது சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். திரும்பி நில்லுங்கள். படகும் மனுஷரும் சூரியனைப் பார்த்து இருக்கட்டும்.

இதற்குக் கிழக்குக் கரைதான் உத்தமம். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடியில் சூரியன் கடலில் மறையாது, ஊருக்குப் பின்னால் மறையும். "அஸ்தமனம் இல்லையே" என்று நம்மவர்கள் குறைப்படுவார்கள். குறை இல்லை, அதுதான் சௌகரியம். கரையில் நின்றால் சாயங்கால வெளிச்சம் உங்கள் தோளுக்கு மேலே போய்ப் படகின்மேல் விழும். மும்பை அங்கத்தினர்களுக்கும் அப்படித்தான். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே உள்ள படகுகளுக்கு சாயங்கால வெளிச்சம் ஊர்ப் பக்கமிருந்து வருகிறது. மல்பே, கொச்சி, குளச்சல் மாதிரி மேற்கு பார்த்த இடங்களில், அவரைக் கொஞ்சம் கரைப் பக்கம் அழைத்து, சூரியனைப் பார்த்து நிற்கச் சொன்னால் போதும். அதுவும் முடியாமல் சூரியன் பின்னால்தான் இருக்கிறது என்றால், கைபேசித் திரையில் முகத்தின்மேல் விரலால் தொடுங்கள். கேமரா முகத்துக்குத் தகுந்தபடி அளவு வைக்கும். ஆகாசம் வெளுத்துப் போகும், போகட்டும்.

சூரியன் மறைந்ததும் பையைக் கட்டாதீர்கள். நம் பிரதேசத்தில் அந்தி வெளிச்சம் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காது. ஆனால் அதற்குள் ஆகாசம் கருநீலம் ஆகி, துறைமுக விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கும். இரண்டும் சமமாக இருக்கும் அந்த நிமிஷங்களில், கை ஆடாமல் தூணில் சாய்ந்துகொண்டு எடுத்தால் படகுகள் நிறத்தோடு வரும்.

"சந்தி வேளையில் கேமராவா?" என்று பெரியவர்கள் முறைப்பது தெரிகிறது. நியாயமான கேள்வி. நான் அர்க்கியத்தைக் காலத்தில் கொடுத்துவிட்டு, ஜபத்துக்கு முன் நாலு படம் எடுக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஏற்பதும் ஏற்காததும் உங்கள் இஷ்டம்.

சில மரியாதைகளும் உண்டு. துறைமுகம் அவர்களுக்கு ஆபீஸ். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பரப்பி வைத்த வலையை மிதிக்கக் கூடாது. நம் ஆத்தில் யாராவது புஸ்தகத்தை மிதித்தால் பொறுப்போமா? கூப்பிடாமல் படகில் ஏறக் கூடாது. கப்பல் வரும் பெரிய துறைமுகங்களிலும், கார்வார் மாதிரி கடற்படை இருக்கும் இடங்களிலும் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது.

இன்னொன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளை 61 நாள் நிறுத்திவைக்கிறார்கள். அப்போது துறைமுகம் முழுக்கப் படகுகள். கேமராக்காரனுக்குக் கொண்டாட்டம். நானும் ஒரு தடவை காசிமேட்டில் மே மாதம் நின்று, "எத்தனை படகு, எத்தனை அழகு!" என்று சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமல், "எல்லாம் நின்னாதான் உங்களுக்கு அழகு. ஓடினாதான் எங்களுக்கு சோறு" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன்.

2020 ஜனவரியில் மறுபடி மல்பே போனேன். இந்தத் தடவை கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதலில் பேசினேன். ஐஸ் பெட்டி தூக்குகிறவர், என்ஜின் பார்க்கிறவர், சமையல் செய்கிற சின்னப் பையன், இப்படி ஆறு பேர். ஒவ்வொருவரையும் சூரியனைப் பார்த்து நிற்க வைத்து எடுத்தேன். அழகான படங்கள் என்று சொல்ல மாட்டேன். ஸ்டூடியோவில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். ஆனால் முகம் இருக்கிறது. திரையைக் காட்டியதும், பின்னால் நின்ற படகின் பேரும் தெரிய வேண்டும் என்று அவர்களே கேட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். உடுப்பியில் தங்கி, மறுநாள் காலை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, அன்று சாயங்காலமே கையில் கொடுத்தேன். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்ற பேச்சே இல்லை. சமையல் பையன் தன் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஈரமாகிவிடும் என்று மறுபடி எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றினான். ஆத்துக்காரி அன்று மூக்கை மூடவில்லை. பிரிண்டுகளைப் பேர் பார்த்துக் கொடுத்ததே அவள்தான்.

குளச்சல்காரரை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இந்த இதழ் பல ஊர்களுக்குப் போகிறது என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பேர் கேட்டு வைத்துக்கொள்ளாத எனக்கு விளம்பரம் கொடுக்கவும் வழியில்லை.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ராமேஸ்வரம் போவீர்கள், கன்னியாகுமரி போவீர்கள், துவாரகை போவீர்கள். எல்லா இடத்திலும் கடல் உண்டு, படகு உண்டு, அஸ்தமனம் உண்டு. அழகான நிழலுருவப் படம் தாராளமாக எடுங்கள். நானும் இன்னும் எடுக்கிறேன். அது உங்களுக்காக. அதற்குப் பிறகு திரும்பி நின்று ஒரு படம் அவருக்காக எடுங்கள். பேர் கேளுங்கள். ஊருக்குப் போவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். இப்போது கைபேசியிலேயே நிமிஷத்தில் அனுப்பலாம், எனக்கு 2014-ல் இருந்த சாக்குகூட உங்களுக்குக் கிடையாது.

வெளியே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நமக்காகக் காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல்காரரும் அவர் உதவியாளர்களும் கொல்லைப்புறத்தில் இருக்கிறார்கள். இலை போடுவதற்கு முன் அவர்களை வாசலுக்கு அழைத்து, மேற்கு பார்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுக்கப் போகிறேன். கேமரா வைத்திருக்கும் பிள்ளைகள் கூட வரலாம்.

நமஸ்காரம்.